வரைபடத்தில் ஒரு செங்குத்து ஏற்றம்: தொடக்ககால ஆங்கில அச்சு நூல்களின் மின்னணுக் காப்பகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், தமது இரண்டாம் ஆண்டில் நூலகத்தின் மின்னுரை உதவிப் பிரிவை நாடி வந்தார். அப்பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் அவருடைய ஆய்வின் ஓர் இயலைத் தொடக்கம் முதல் முடிவு வரை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பழைய நூல்களின் மின்னணுத் தொகுப்புகளில் சொற்களை எண்ணி வரலாறு எழுத முனைவோர் இன்று பலர். அவர்களுக்குப் பயன்படும் என்பதால், அவரது ஒப்புதலுடன், பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் எடுத்துக்கொண்டது 'கவெனன்ட்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லின் வரலாறு. தமிழ் விவிலியத்தில் 'உடன்படிக்கை' என்று நாம் படிக்கும் சொல் அது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் அரசியலில் அது தீப்பற்றிய சொல். 1638 பிப்ரவரி இறுதியில் எடின்பரோ நகரின் கிரேஃபிரயர்ஸ் தேவாலயத்தில், மன்னர் முதலாம் சார்லஸ் திணித்த வழிபாட்டு மாற்றங்களை எதிர்த்து ஸ்காட்லாந்துப் பிரபுக்களும் பிறரும் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 1643 செப்டம்பர் 25 அன்று லண்டனின் புனித மார்கரெட் தேவாலயத்தில் ஆங்கில நாடாளுமன்றத்தின் மக்களவை உறுப்பினர்கள், ஸ்காட்லாந்துடன் செய்துகொண்ட புனித ஒப்பந்தத்தையும் உடன்படிக்கையையும் ஏற்று உறுதிமொழி எடுத்தனர். உள்நாட்டுப் போரை அடுத்து ஒழிக்கப்பட்டிருந்த முடியாட்சி திரும்பிய பின், 1661 மே மாதத்தில், அதே ஆவணம் லண்டனில் தூக்கிலிடுபவர் கையால் பொதுவெளியில் எரிக்கப்பட்டது.

1638க்கு முன் ஆங்கில அச்சில் இச்சொல் அரிதாகவே வழங்கியது, அரசியல் நெருக்கடியே அதை மக்கள் நாவில் ஏற்றியது என்பது மாணவியின் கருதுகோள். நெறியாளரும் அதைப் பொருத்தமானதென்றே கருதினார். கருதுகோளைச் சோதிக்க அவர்கள் தேர்ந்த கருவி, தொடக்ககால ஆங்கில நூல்களின் தட்டச்சு உரைத்தொகுப்பு.

காப்பகம் உருவான விதம்

இத்தொகுப்பு எப்படி உருவானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பின்னர் எழுந்த சிக்கல்கள் ஒவ்வொன்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1475 முதல் 1640 வரை அச்சான ஆங்கில நூல்களுக்குப் பொல்லார்ட், ரெட்கிரேவ் என்னும் இருவர் 1926இல் ஒரு பட்டியலை வெளியிட்டனர். 1641 முதல் 1700 வரையிலான காலத்துக்கு டானல்ட் விங் தயாரித்த பட்டியல் 1945க்கும் 1951க்கும் இடையில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் யூஜின் பவர் 1938இல் தொடங்கிய மைக்ரோஃபிலிம் நிறுவனம் இந்நூல்களைச் சுருள் சுருளாகப் படமெடுத்தது. குண்டுவீச்சில் நூலகங்கள் அழிந்துவிடுமோ என்ற அச்சம் நிலவிய போர்க்காலத்திலும் அப்பணி நடந்தது. அந்தச் சுருள்களே பின்னாளில் வருடப்பட்டு, 1998இல் இணையத் தொகுப்பாக வெளிவந்தன. ஆக, இன்று திரையில் தெரிவது நூலின் நேரடிப் படமன்று. பல பதிற்றாண்டுகளுக்கு முன் எடுத்த மைக்ரோஃபிலிமின் கறுப்பு வெள்ளைப் படிமம் அது.

படிமங்களில் சொல் தேட இயலாது. எனவே 1999இல் மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகங்கள், அப்படிமங்களை வெளியிட்ட வணிக நிறுவனத்துடனும் பிற நூலகங்களுடனும் கைகோத்து உரைகளைத் தட்டச்சு செய்யும் திட்டத்தைத் தொடங்கின. படிமத்திலிருந்து எழுத்துகளைத் தானே படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளை அவர்கள் நம்பவில்லை. கோத்திக் எழுத்து, 'எஃப்' போலத் தோன்றும் நீள 'எஸ்', மை கசிந்த தாள் ஆகியவற்றின் முன் அன்றைய மென்பொருள் தோற்றுப்போனது. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்ய, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களைவதே அவர்கள் கைக்கொண்ட முறை. 20,000 எழுத்துகளுக்கு ஒரு பிழைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. முதற்கட்டத்தில் முடிந்த 25,000க்கு மேற்பட்ட உரைகள் 2015 ஜனவரி 1 அன்றும், இரண்டாம் கட்டத்தின் ஏறத்தாழ 35,000 உரைகள் 2020ஆம் ஆண்டிலும் யாரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி பொதுவில் விடப்பட்டன. நூலகங்கள் ஒன்றுகூடிச் செய்த பொதுப்பணிகளுள் இதற்கு இணையானவை மிகச் சில என்றே நான் கருதுகிறேன். கட்டணம் செலுத்த வழியில்லாத மாணவர் ஒருவர், இருந்த இடத்திலிருந்தே, 60,000 பழைய உரைகளைத் தம் கணினியில் இறக்கிக்கொள்ளலாம்.

முதல் வரைபடமும் எழுந்த ஐயமும்

மாணவி செய்ததும் அதுதான். உரைகள் அனைத்தையும் இறக்கி, தற்கால எழுத்துக்கூட்டலில் அச்சொல்லைத் தேடும் சிறு நிரல் ஒன்றை எழுதி, ஆண்டுவாரியாக எண்ணிக்கையை வரைபடமாக்கினார். 1620கள் வரை கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. 1630களில் மெல்ல எழுந்து, 1638ஐ அடுத்துச் செங்குத்தாக ஏறி, 1643இல் உச்சம் தொட்டது. கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான சான்று இருக்க முடியாது என்று தோன்றும்படி அமைந்திருந்தது அந்தப் படம். ஒரு கருத்தரங்குக்கான கட்டுரைச் சுருக்கமும் எழுதி முடித்திருந்தார். எங்களிடம் வந்தது வரைபடத்தை அச்சுத் தரத்துக்கு மாற்றிக் கேட்பதற்காக மட்டுமே.

ஐயம் எழுந்தது 1611ஆம் ஆண்டைப் பார்த்தபோது. ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலியம் அச்சான ஆண்டு அது. பழைய ஏற்பாட்டில் நோவா முதல் தாவீது வரை கடவுள் மனிதரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படிப்பட்ட நூல் வெளியான ஆண்டில் வரைபடக் கோடு அசையாமல் கிடந்தது. அந்த உரையைத் திறந்து தொடக்கநூல் பகுதியைப் படித்ததும் காரணம் விளங்கியது. சொல் அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் நடுவில் 'வி' எழுத்து வரவேண்டிய இடத்தில் 'யு' அச்சாகியிருக்கிறது.

அக்கால அச்சகங்களில் 'யு', 'வி' இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாகவே கையாளப்பட்டன. சொல்லின் முதலில் வந்தால் 'வி' வடிவத்தையும் இடையில் வந்தால் 'யு' வடிவத்தையும் அச்சுக்கோப்பவர் எடுத்துக் கோத்தார். ஒலி எதுவென்பது அவருக்கு ஒரு பொருட்டன்று. ஒன்றை உயிராகவும் மற்றொன்றை மெய்யாகவும் பிரித்தாளும் இன்றைய வழக்கம் ஆங்கில அச்சகங்களில் பெருவழக்கானது 1630களை ஒட்டியே. அதாவது, மாணவி ஆராய்ந்த அரசியல் நெருக்கடி மூண்ட அதே ஆண்டுகளில் அச்சகங்களின் எழுத்து வழக்கமும் மாறியது. இரு மாற்றங்களும் ஒரே கோட்டின் ஏற்றத்தில் கலந்திருந்தன. வரைபடம் காட்டியதில் எவ்வளவு அரசியல், எவ்வளவு அச்சுக்கூடப் பழக்கம் என்று பிரித்தறிய அப்போதைய நிலையில் வழியே இல்லை.

பக்கப் படிமங்களில் கண்டவை

எழுத்துக்கூட்டலைச் சரிசெய்து மீண்டும் எண்ணிவிடலாம் என்றார் மாணவி. நெறியாளர் அதற்கு முன் ஒரு நிபந்தனை விதித்தார்: சொல் வரும் இடங்களில் சிலவற்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்து, உரையையும் பக்கப் படிமத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்த்துவிட்டே மறுபடி எண்ண வேண்டும். மொத்த முயற்சியிலும் அதிகப் பயன் தந்த முடிவு இதுவே.

ஸ்காட்லாந்து விவகாரம் குறித்த ஒரு சிறுவெளியீட்டில், தைப்பு இறுக்கமாக இருந்ததால் உள் ஓரத்தின் எழுத்துகள் மடிப்புக்குள் போயிருந்தன. படமெடுத்தவர் நூலை விரிக்க முடிந்த அளவே விரித்திருக்கிறார். தட்டச்சு செய்தவர் விதிப்படி தமக்குத் தெரியாத எழுத்தை ஊகிக்காமல், அந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டத்தை இட்டிருக்கிறார். நேர்மையான செயல்தான், ஆனால் நிரலுக்கு அந்தச் சொல் இல்லாததாகிவிடுகிறது. வேறொரு பக்கத்தில் பின்புறத்து மை ஊடுருவித் தெரிந்ததால் முழுச் சொல்லே படிக்க முடியாமல் போய், சொல் விடுபட்டதற்கான அடையாளம் மட்டும் நின்றது. நெடுக்குப் பத்திகளில் அச்சான உரைகளில் வரி முடிவில் சொல் உடைந்திருந்தது. அந்த உடைவைத் தொகுப்பு சிறு செங்குத்துக் கோடாகக் காத்து வைத்திருப்பதால் நிரல் அதை இரு துண்டுகளாகப் படித்தது. பழைய கோத்திக் அச்சு நூல்களில் இடம் மிச்சப்படுத்த 'என்' எழுத்தை விட்டுவிட்டு, முந்தைய உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இழுப்பதும் வழக்கம். அங்கேயும் சொல் தப்பியது.

இவற்றில் எதையும் தொகுப்பின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூலில் கண்டதைக் கண்டபடியே பதிவு செய்வதென அதை உருவாக்கியவர்கள் முடிவெடுத்தார்கள். எழுத்துக்கூட்டலை அவர்கள் நவீனமாக்கியிருந்தால், அச்சகப் பழக்கம் எப்போது மாறியது என்பதை இன்று நாம் அறிய வழியே இருந்திராது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு எழுத்துக்கூட்டலைப் பற்றியது. பழைய ஆங்கிலத்தைத் தற்கால வடிவுக்கு மாற்ற, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான வார்ட், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான மார்ஃப்அடோர்னர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஒன்றைக் கொண்டு அனைத்தையும் மாற்றிவிட்டு அதை மட்டும் பயன்படுத்துவது எளிது. ஆனால் மென்பொருள் தவறாக மாற்றிய இடங்கள் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்துவிடும். எனவே மூல வடிவமும் மாற்றிய வடிவமும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி தரவை அமைத்தோம். எந்த எண்ணிக்கையிலிருந்தும் மூலத்தின் வரிக்குத் திரும்பிச் செல்ல முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டாவது, 1640க்கும் 1641க்கும் இடையிலுள்ள எல்லை. பொல்லார்ட், ரெட்கிரேவ் பட்டியல் முடிவதும் விங் பட்டியல் தொடங்குவதும் அங்கேதான். அதே 1641 ஜூலையில் நட்சத்திர மன்றம் என்னும் அரச நீதிமன்றம் ஒழிக்கப்பட்டு, அச்சுத் தணிக்கை குலைந்து, சிறுவெளியீடுகள் வெள்ளமாகப் பெருகின. 1642இல் மட்டும் ஏறத்தாழ 4,000 வெளியீடுகள் வந்தன. அவை இன்று நம்மிடம் இருப்பதற்கு ஜார்ஜ் தாமசன் என்னும் லண்டன் புத்தக வணிகரே பெரும் காரணம். 1640 முதல் 1661 வரை, கடைத்தெருவில் கிடைத்ததை எல்லாம், எக்கட்சியினுடையது என்று பாராமல், 22,000க்கு மேல் திரட்டி வைத்தார் அவர். 1762இல் அத்தொகுப்பு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கொடையாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1630களில் அப்படிச் சேர்த்து வைத்தவர் ஒருவர் இல்லை. ஆகவே 1640களின் மலிவுத் தாள்கள் மிகுதியாகவும் அதற்கு முந்தையவை குறைவாகவும் நமக்கு எஞ்சியுள்ளன. இதைக் கருதி, எண்ணிக்கையை மொத்தமாகக் காட்டாமல் பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை என்ற விகிதமாகவும், அச்சொல் இடம்பெற்ற வெளியீடுகளின் பங்காகவும் இருவகையில் காட்டுவதென்றும், பெரிய இறையியல் நூல்களையும் எட்டுப் பக்கச் சிறுவெளியீடுகளையும் ஒரே கோட்டில் இணைக்காமல் தனித்தனியே வரைவதென்றும் தீர்மானித்தோம்.

மூன்றாவது, தேதி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்றுதான். பதினெட்டு வயது கடந்த அனைவரும் உடன்படிக்கையை ஏற்க வேண்டும் என்று நாடாளுமன்றம் ஆணையிட்டது நம் கணக்கில் 1644 பிப்ரவரி. அன்றைய கணக்கில் அது 1643. ஸ்காட்லாந்தோ 1600லிருந்தே ஜனவரி 1ஐ ஆண்டுத் தொடக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகத்தார் சிலர் பழைய கணக்கையும் சிலர் புதிய கணக்கையும் தலைப்புப் பக்கத்தில் இட்டனர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவும் தாமசனே கைகொடுத்தார். தம் கைக்கு வந்த வெளியீடுகளின் தலைப்புப் பக்கங்களில் அவர் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தார். அச்சிட்டவர் புதிய கணக்கில் ஆண்டைப் போட்டிருந்தால் அதை அடித்துத் திருத்தவும் செய்தார். கையெழுத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதில்லை என்பது உரைத்தொகுப்பின் விதி. எனவே அவை உரையில் இல்லை; படிமத்திலும், அருங்காட்சியகம் 1908இல் காலவரிசைப்படி வெளியிட்ட பட்டியலிலும் உள்ளன. 1640க்குப் பிந்தைய சிறுவெளியீடுகளுக்கு அந்தத் தேதியையே மாணவி எடுத்துக்கொண்டார். உழைப்பு அதிகம். ஆனால் மாதவாரியாகப் பேசக்கூடிய தரவு அதனால்தான் கிடைத்தது.

இடையில் நேர்ந்த தடை

ஒரு வெளியீடு எத்தனை முறை மறுபதிப்புக் கண்டது என்பதும் தேவைப்பட்டது. உரைத்தொகுப்பு பொதுவாக ஒரு நூலுக்கு ஒரு பதிப்பையே எடுத்துக்கொண்டது. அதிலும் முதற்கட்டத் தேர்வு, கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஆங்கில இலக்கிய நூலடைவில் இடம்பெற்ற ஆசிரியர்களுக்கு முன்னுரிமை தந்தது. ஆகவே தெருத்தெருவாக விற்றுத் தீர்ந்த தாளும், ஒரே முறை அச்சாகிப் பரணில் தூங்கிய நூலும் அதில் ஒன்றாகவே எண்ணப்படும். இதைச் சரிபார்க்க, 1800 வரையிலான ஆங்கில அச்சுகளுக்கான இணைய நூற்பட்டியலை நம்பியிருந்தோம். அதை நடத்தியது பிரிட்டிஷ் நூலகம். 2023 அக்டோபர் இறுதியில் அந்நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் சேவைகள் பலவும் முடங்கியபோது இந்தப் பட்டியலும் எட்டாததாயிற்று.

காத்திருப்பதா, இயலின் அளவைக் குறைப்பதா என்ற கேள்வி எழுந்தது. எங்கள் நூலகத்தின் குறிப்புதவி நூல் அறையில் பொல்லார்ட், ரெட்கிரேவ் பட்டியலின் திருத்திய பதிப்பும் விங் பட்டியலும் தடித்த அச்சுத் தொகுதிகளாக இருந்தன. இணையம் வந்தபின் அவற்றை எடுத்தவர் அரிது. மாணவி அவற்றை வைத்துக்கொண்டு, 1637க்கும் 1644க்கும் இடைப்பட்ட வெளியீடுகளின் பதிப்புகளை மட்டும் கையால் குறித்தெடுத்தார். காலப்பரப்பைச் சுருக்கியது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். வாதத்தின் நெஞ்சுப் பகுதி அந்த ஆண்டுகளுக்குள்தான் இருந்தது.

விளைவு

புதிய வரைபடத்தில் செங்குத்து ஏற்றம் இல்லை. 1638க்கு முன் சொல் அரிதாக இருந்தது என்ற கருதுகோள் கைவிடப்பட்டது. எலிசபெத் அரசி காலத்திலிருந்தே தூய்மைவாதக் குருமார்களின் பிரசங்கங்களிலும், வில்லியம் பெர்கின்ஸ் போன்றோரின் இறையியல் நூல்களிலும் அச்சொல் தாராளமாகப் புழங்கியிருக்கிறது. நிலக் குத்தகை, கடன் பத்திரம் பற்றிய சட்ட நூல்களிலும் அது அன்றாடச் சொல்.

ஆனால் ஆய்வு வெறுங்கையோடு நிற்கவில்லை. எத்தனை முறை என்பதை விட்டுவிட்டு, எந்தச் சொற்களின் அருகில் வருகிறது என்று பார்த்தபோது வரலாறு பேசத் தொடங்கியது. முந்தைய நூல்களில் அருகே நிற்பவை அருள், கிரியை, ஆபிரகாம், முத்திரை. 1643க்குப் பின் சிறுவெளியீடுகளில் அருகே வருபவை ஒப்பந்தம், தேசம், உறுதிமொழி எடுத்தல், மீறுதல், பொய்ச்சத்தியம். நாடாளுமன்றத் தரப்பினரும் மன்னர் தரப்பினரும் ஒரே சொல்லை ஒருவர் மீது ஒருவர் வீசியிருக்கிறார்கள். இறையியல் பெருநூல்களில் மாற்றம் மிக மெதுவாகவும் மலிவுத் தாள்களில் மாதங்களுக்குள்ளேயும் நிகழ்ந்திருப்பது, இருவகை அச்சையும் பிரித்து வரைந்ததனால் தெரிந்தது. மக்கள் புதுச்சொல் ஒன்றைக் கற்கவில்லை, கோயிலில் கேட்டுப் பழகிய சொல்லையே அரசியலுக்கு எடுத்து வந்தார்கள் என்ற வாதத்தோடு அந்த இயல் மீண்டும் எழுதப்பட்டது. முதல் வரைபடமும் பின்னிணைப்பில், அது ஏன் ஏமாற்றியது என்ற விளக்கத்துடன் சேர்க்கப்பட்டது. கருத்தரங்குச் சுருக்கம் திரும்பப் பெறப்பட்டு, மாற்றி அனுப்பப்பட்டது.

கறுப்பு வட்டங்கள் இருந்த பக்கங்களில் சிலவற்றை வேறு நூலகங்களின் படிகளோடு ஒப்பிட்டு மாணவி நிரப்பினார். தட்டச்சு உரைகளைத் திருத்தி மேம்படுத்தும் எர்லிபிரிண்ட் என்னும் அமெரிக்கப் பல்கலைக்கழகத் திட்டம் வாசகர்களின் திருத்தங்களை ஏற்றுக்கொள்கிறது. அவர் கண்டறிந்தவை அங்கே சேர்ப்பிக்கப்பட்டன.

இனி மாற்ற வேண்டியவை

எங்கள் பிரிவில் இப்போது, உரைத்தொகுப்பை இறக்கித் தரும்படி கேட்டு வருவோரிடம் முதலில் அதன் தேர்வு விதிகளையும் தட்டச்சு விதிகளையும் படிக்கக் கொடுக்கிறோம். நிரல் எழுதும் முன்பே, தேடவிருக்கும் சொல் நிச்சயம் இருக்க வேண்டிய ஒரு நூலைத் தேர்ந்து, அங்கே அது கிடைக்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறோம். 1611 விவிலியத்தை முதலிலேயே பார்த்திருந்தால் கருத்தரங்குச் சுருக்கம் எழுதும் நிலையே வந்திராது. படிமங்களைப் பார்க்கும் வேலையை இறுதிச் சரிபார்ப்பாக வைக்காமல் தொடக்கத்திலேயே வைப்பது நல்லது. அச்சுப் பட்டியல்களை வெளிக் கிடங்குக்கு அனுப்பும் யோசனையை நூலகம் கைவிட்டுள்ளது.

தீராத குறை ஒன்று உண்டு. 1641 இறுதியிலிருந்து லண்டனில் வாரந்தோறும் செய்தித்தாள்கள் வெளிவரத் தொடங்கின. விங் பட்டியல் பருவ வெளியீடுகளைச் சேர்க்கவில்லை. அவை இந்த உரைத்தொகுப்பிலும் பெரும்பாலும் இல்லை. உடன்படிக்கையைப் பற்றிச் சாதாரண மக்கள் முதலில் படித்தறிந்த இடம் அந்த வாரத்தாள்களாகவே இருந்திருக்கக்கூடும். அவற்றுள் 1643 ஆகஸ்டு முதல் 1644 மார்ச் வரையிலானவற்றை, தாமசன் சேர்த்து வைத்த படிகளின் படிமங்களிலிருந்து மாணவி இப்போது தாமே தட்டச்சு செய்துவருகிறார். எழுத்துக்கூட்டலை மாற்றாமல், படிக்க முடியாத இடங்களைக் குறியிட்டு, வரி உடைவுகளோடு, தொகுப்பின் அதே விதிகளைப் பின்பற்றியே அதைச் செய்கிறார்.